வெள்ளெழுத்தும் கண் எனும் அமானிதமும்

நாற்பது வயதைத் தாண்டியதும் நம்மில் பெரும்பாலோருக்கு எழுத்துகள் வெளுக்கத் தொடங்குகின்றன. நேற்றுவரை ரைஹாலில் விரித்து வைத்த குர்ஆன் ஷரீஃபைச் சிரமமின்றி ஓதியவர், ஜபர் எது, ஜேர் எது என்று புலப்படாமல் தலையைப் பின்னுக்கு இழுக்கிறார். ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. கல்யாணப் பத்திரிகையைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்க வேண்டியிருக்கிறது; சிறிது காலத்தில் கையின் நீளமும் போதாமல் போகிறது. இந்த நிலைக்கு நம் முன்னோர் வெள்ளெழுத்து என்று பொருத்தமாகப் பெயரிட்டார்கள். சாளேசுரம் என்றும் சொல்வதுண்டு. நாற்பது என்னும் பொருளுடைய இந்துஸ்தானிச் சொல் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

இதற்குக் கண்ணாடி போட்டுக்கொள்வது உலக வழக்கம். ஆனால் அண்மைக் காலத்தில் வேறொரு வழியும் பேசப்பட்டது. கண்ணின் முன்படலத்தைக் கீறி, அதற்குள் மிகச் சிறிய வில்லை ஒன்றைப் பதித்துவிட்டால் கண்ணாடி இல்லாமலே படிக்கலாம் என்பதே அது. அமெரிக்காவில் அரசின் அனுமதியோடு இந்தச் சிகிச்சை பலருக்குச் செய்யப்பட்டது. தூரத்துப் பொருளை நன்றாகப் பார்க்கும் ஒரு கண்ணை, கண்ணாடி அணியும் சிரமத்திலிருந்து தப்புவதற்காகக் கீறிக்கொள்ளலாமா? இந்தக் கேள்வி டாக்டரின் அறையோடு முடிந்துவிடுவதில்லை. கண் நமக்குச் சொந்தமா, அல்லது நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கும் அமானிதமா என்பதில் போய் நிற்கிறது. ஆகவே இதைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

வெள்ளெழுத்து எப்படி வருகிறது?

கண்மணிக்குப் பின்னால் கண்ணாடி போலத் தெளிவான ஒரு வில்லையை அல்லாஹு தஆலா அமைத்திருக்கிறான். அதைச் சுற்றி ஒரு மெல்லிய தசை இருக்கிறது. தூரத்தில் உள்ளதைப் பார்க்கும்போது தசை தளர்ந்திருக்கும். வில்லை தட்டையாக இருக்கும். அருகில் உள்ளதைப் பார்க்க முனைந்தால் தசை சுருங்கும். வில்லை தானாகவே பருத்து, எழுத்தின் உருவத்தைக் கண்ணின் உட்திரையில் தெளிவாக விழச் செய்யும். இதை 1855ஆம் ஆண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி விளக்கினார். இத்தனையும் நாம் கேட்காமலே, நமக்குத் தெரியாமலே நாளெல்லாம் நடந்துகொண்டிருக்கிறது.

வயது ஏற ஏற அந்த வில்லை இறுகுகிறது. தசை சுருங்கினாலும் அது முன்போல் பருப்பதில்லை. தூரத்துப் பார்வை அப்படியே இருக்க, அருகிலுள்ள எழுத்து மட்டும் கலங்குகிறது. பணக்காரர், ஏழை, ஆலிம், பாமரர் என்ற வேற்றுமை இதற்குக் கிடையாது. ஆயுள் நீண்டால் இது ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். 2015ஆம் ஆண்டில் உலகில் சுமார் 180 கோடிப் பேருக்கு வெள்ளெழுத்து இருந்ததாக ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

மூக்குக் கண்ணாடி தோன்றி ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1306ஆம் ஆண்டு இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் உரையாற்றிய ஒரு கிறிஸ்தவத் துறவி, கண்ணாடி செய்யும் கலை தோன்றி இன்னும் இருபது ஆண்டுகள் ஆகவில்லை என்று குறிப்பிட்டார். அதற்கும் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் தமது 'கிதாபுல் மனாளிர்' என்னும் பெருநூலில், ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்பதை நிறுவியிருந்தார். அந்நூல் லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு ஐரோப்பிய அறிஞர்களுக்குப் பாடநூலாயிற்று. அதே காலத்தவரான மோசுல் நகரத்து அம்மார் இப்னு அலீ என்ற கண் மருத்துவர், உள்ளீடற்ற ஊசியால் கண்புரையை உறிஞ்சி எடுக்கும் முறையை எழுதி வைத்தார். எனவே கண்ணில் கருவி படுவதே தகாது என்ற எண்ணம் நம் முன்னோரிடம் இருந்ததில்லை. இதை முதலிலேயே நினைவில் கொள்வது நல்லது.

கண்ணுக்குள் பதிக்கும் வில்லை

கண்ணின் முன்படலத்துக்குக் கார்னியா என்று பெயர். அதற்குள் செயற்கை வில்லையைப் பதிக்கலாம் என்ற யோசனையை 1949ஆம் ஆண்டில் முன்வைத்தவர், கொலம்பியா நாட்டில் பொகோட்டா நகரில் பணியாற்றிய ஹோசே பாராக்கர் என்ற டாக்டர். ஆரம்பத்தில் பயன்படுத்திய பொருள்களைக் கண் ஏற்கவில்லை. கார்னியாவுக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. முன்புறத்தில் கண்ணீரிலிருந்தும் பின்புறத்தில் கண்ணுக்குள் இருக்கும் நீரிலிருந்தும் அது தன் உணவைப் பெறுகிறது. நடுவே தடுப்பு வைத்தால் திசு பட்டினி கிடக்கும். இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

2015ஆம் ஆண்டு ஏப்ரலில், அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 'காம்ரா' என்ற சாதனத்தை அனுமதித்தது. இது 3.8 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு கரிய வளையம், நடுவில் 1.6 மில்லிமீட்டர் துளை. உணவுச் சத்து ஊடுருவிச் செல்வதற்காக வளையம் முழுதும் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இடப்பட்டிருந்தன. சிறு துளை வழியாகப் பார்த்தால் அருகிலுள்ளதும் ஓரளவு தெளிவாகத் தெரியும் என்பதே இதன் தத்துவம். விரல்களைக் குவித்து அந்தச் சிறு இடைவெளி வழியாக எழுத்தைப் பார்த்தால் இதை நாமே அறிந்துகொள்ளலாம். இருட்டறையில் சிறு துளை வழியாக வரும் ஒளியை வைத்து இப்னுல் ஹைதம் செய்த சோதனைகளும் இங்கே நினைவுக்கு வருகின்றன.

2016ஆம் ஆண்டு ஜூனில் 'ரெயின்டிராப்' என்ற மற்றொரு சாதனத்துக்கு அனுமதி கிடைத்தது. மழைத்துளி என்பது அதன் பொருள். பெரும்பகுதி நீராலான, 2 மில்லிமீட்டர் அகலமுள்ள தெளிவான துளி அது. லேசர் கதிரால் கார்னியாவில் ஒரு மெல்லிய மடலைத் திறந்து, அதன் கீழே இதை வைத்து மூடுவார்கள். கார்னியாவின் நடுப்பகுதி சற்று மேடாகும். அதனால் அருகிலுள்ள எழுத்து தெளியும். இவ்விரண்டையுமே ஒரு கண்ணில் மட்டும்தான் பதித்தார்கள். குறிபார்ப்பதற்கு நாம் இயல்பாகப் பயன்படுத்தும் கண்ணை விட்டுவிட்டு மற்றதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பலன் கிடைத்ததா என்றால், கிடைத்தது. ரெயின்டிராப் பதித்துக்கொண்டவர்களில் 100க்கு 92 பேர் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கண்ணால் அருகிலுள்ளதை நன்றாகப் படித்தார்கள் என்று அனுமதி வழங்கியபோது அறிவிக்கப்பட்டது. இதை மறைப்பது நேர்மையாகாது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்தத் துளியைத் தயாரித்த நிறுவனம் 2018ஆம் ஆண்டு ஜனவரியில் மூடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் உணவு, மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. ஐந்து ஆண்டுகள்வரை தொடர்ந்து கவனிக்கப்பட்ட 150 பேரின் நிலையை ஆராய்ந்ததில், 100க்கு 42 பேருக்குக் கார்னியாவின் நடுப்பகுதியிலேயே மங்கல் படர்ந்திருந்தது தெரியவந்தது. இனி எவருக்கும் இதைப் பதிக்க வேண்டாம் என்று டாக்டர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. பதித்ததை எடுத்துவிட முடியும் என்பதே இந்தச் சிகிச்சையின் பெரிய ஆறுதலாகச் சொல்லப்பட்டு வந்தது. சாதனத்தை எடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் மங்கல் சிலருக்கு அதனோடு சேர்ந்து போய்விடவில்லை.

இதில் டாக்டர்கள் ஏமாற்றினார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. சோதனை செய்தார்கள், முடிவை வெளியிட்டார்கள், தீங்கு தெரிந்ததும் நிறுத்தினார்கள். இரண்டாம் ஆண்டில் புலப்படாதது பிந்திய ஆண்டுகளில் புலப்பட்டது. மனித அறிவின் எல்லை அது. நாம் சிந்திக்க வேண்டியது, அந்த எல்லையை அறிந்த ஒருவர் தம் கண்ணை எதற்காக, எவ்வளவு தூரம் பணயம் வைக்கலாம் என்பதைத்தான்.

மார்க்கத்தின் தராசு

நம் மார்க்கம் மருத்துவத்தை வெறுக்கவில்லை. கிராமத்து அரபிகள் சிலர் வந்து, மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். செய்துகொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததோடு, அல்லாஹ் இறக்கிய நோய்களுக்கெல்லாம் நிவாரணத்தையும் இறக்கியிருப்பதாகக் கூறி, ஒன்றுக்கு மட்டும் விலக்களித்தார்கள். முதுமையே அந்த ஒன்று. இக்கருத்து ஹதீஸ் நூல்களில் பதிவாகியிருக்கிறது.

சிலர் இதைக் கொண்டு, வெள்ளெழுத்து முதுமையின் அடையாளம். அதற்கு மருத்துவம் தேடுவதே வீண் என்று முடிவு கட்டக்கூடும். இந்த முடிவு சரியாகாது. கண்புரையும் வயதால்தான் வருகிறது. அதை அறுத்து எடுப்பதை எந்த ஆலிமும் தடுப்பதில்லை. முதுமையை ஒழிக்க முடியாது என்பதற்கும், முதுமையால் வரும் துன்பங்களைத் தணிக்கக் கூடாது என்பதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. அப்படியானால் கண்புரைக்கும் வெள்ளெழுத்துக்கும் இடையே என்ன வித்தியாசம்? புரை முற்றியவருக்கு எந்தக் கண்ணாடியும் உதவாது; கத்தி படாவிட்டால் இருள்தான். வெள்ளெழுத்து உள்ளவருக்கோ, மூக்கின் மேல் ஒரு வில்லையை வைத்தால் எழுத்து அப்போதே தெளிந்துவிடுகிறது. ஆகவே இரண்டையும் பிரித்துக் காட்டுவது வயதன்று. கண்ணைத் தொடாத வேறு வழி இருக்கிறதா என்பதுதான்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்), அவர்களுக்குப் பின் ஸ்பெயினின் கிரனாடாவில் வாழ்ந்த இமாம் ஷாதிபி (ரஹ்) போன்ற பெருமக்கள், மனிதத் தேவைகளை மூன்று படிகளாக வகுத்துக் காட்டினார்கள். இல்லாவிட்டால் உயிரோ மார்க்கமோ அழிந்துவிடும் என்ற நிலையிலுள்ளவை முதற்படி, இவை ளரூரத்து. இல்லாவிட்டால் வாழ்வு நடக்கும், ஆனால் சிரமப்படும் என்ற நிலையிலுள்ளவை இரண்டாம் படி, இவை ஹாஜத்து. வாழ்வுக்கு அழகும் செம்மையும் சேர்ப்பவை மூன்றாம் படி; இவை தஹ்ஸீன். மூன்றும் ஆகுமானவையே. ஆனால் மூன்றுக்கும் ஒரே விலை கொடுப்பதற்கில்லை. முதற்படிக்காக ஏற்கும் ஆபத்தை மூன்றாம் படிக்காக ஏற்பது அறிவுடைமை ஆகாது.

அருகிலுள்ளதைப் பார்ப்பது சந்தேகமின்றி ஹாஜத்து. குர்ஆன் ஓதவும், மருந்துச் சீட்டைப் படிக்கவும், அரிசியில் கல் பொறுக்கவும் அது வேண்டும். ஆனால் அந்த ஹாஜத்தைக் கண்ணாடி நிறைவேற்றிவிடுகிறது. அதற்குப் பிறகும் மிஞ்சி நிற்பது, கண்ணாடி இல்லாமல் பார்க்க வேண்டும் என்ற விருப்பம். இது பெரும்பாலோருக்கு மூன்றாம் படியைச் சேர்ந்தது. கண்ணாடியைத் தேடி வீடெங்கும் அலைவது தொல்லைதான். மழையில் நனைகிறது, வேர்வையில் வழுக்குகிறது, ஸஜ்தாவில் இடைஞ்சலாகிறது. ஆனால் அந்தத் தொல்லைக்காகக் கண்ணையே பணயம் வைப்பது, இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கப் போகும் கதை.

இப்படி எடைபோட்டுப் பார்ப்பது நமக்குப் புதிதன்று. ஹஸ்ரத் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கண்பார்வை குன்றியபோது, சில நாள்கள் மல்லாந்து படுத்திருந்தால் குணப்படுத்த முடியும் என்று மருத்துவர் சொன்னதாகவும், அத்தனை நாளும் படுத்தவாறே தொழ வேண்டி வருமே என்று அவர்கள் மற்ற ஸஹாபாக்களிடம் ஆலோசனை கேட்டு, அந்தச் சிகிச்சையை விட்டுவிட்டதாகவும் அறிவிக்கப்படுகிறது. நம்பகமான மருத்துவர் சொன்னால் படுத்துத் தொழுதுகொண்டு சிகிச்சை பெறலாம் என்று பிற்கால இமாம்கள் பலர் கருத்துக் கொண்டார்கள். எந்த முடிவு சிறந்தது என்பதைவிட, அவர்கள் சிந்தித்த முறையே நமக்குப் பாடமாகும். சிகிச்சையால் கிடைப்பது எது, இழப்பது எது என்று பார்த்தார்கள். தனியே முடிவு செய்யாமல் ஆலோசித்தார்கள்.

சில ஆட்சேபணைகள்

முதல் ஆட்சேபணை, இது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகும், ஆகவே ஹராம் என்பது. இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. குறையைச் சரிசெய்வதும், குறையில்லாததை மனம் போனபடி மாற்றுவதும் வேறு வேறு என்று உலமாக்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். 2007ஆம் ஆண்டு மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும் ஒப்பனை அறுவைச் சிகிச்சை குறித்து இவ்வாறே பிரித்தது. எதிர்பார்க்கும் நன்மையைவிடப் பெரிய தீங்கு நேரக் கூடாது என்பதையும் நிபந்தனையாக விதித்தது. படிக்க முடியாதவர் படிக்க விரும்புவதை மனம் போன போக்கு என்று நாம் சொல்ல மாட்டோம். ஆகவே கேள்வி மீண்டும் தீங்கையும் நன்மையையும் எடைபோடுவதில்தான் வந்து நிற்கிறது.

இரண்டாவது, வயதை மறைப்பது கூடாது என்பது. இதையும் அளவோடுதான் சொல்ல வேண்டும். நரைத்த தாடிக்கு மருதாணி இடுவதை நம் மார்க்கம் அனுமதிக்கிறது. பார்ப்பதற்கு நன்றாக இருக்க வேண்டும் என்று விரும்புவது குற்றமாகாது. ஆனால் மருதாணி முடியைக் கெடுப்பதில்லை. பிடிக்காவிட்டால் சில வாரங்களில் போய்விடுகிறது. கார்னியாவில் விழுந்த தழும்பு அப்படிப் போவதில்லை.

மூன்றாவது ஆட்சேபணை எதிர்ப்புறத்திலிருந்து வருகிறது. ஆபத்து இல்லாத சிகிச்சை எது? எல்லோரும் பயந்திருந்தால் மருத்துவம் எப்படி வளரும்? இது நியாயமான கேள்வி. தொழிலின் காரணமாகவோ, முகத்திலும் காதிலும் உள்ள குறையின் காரணமாகவோ கண்ணாடி அணியவே இயலாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் சிகிச்சை மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஏறிவிடலாம். ஆகவே எல்லோருக்கும் பொதுவாக இது ஆகும், இது ஆகாது என்று ஃபத்வா சொல்ல நாம் முன்வரவில்லை. அது நம் வேலையும் அன்று. ஒவ்வொருவரும் தம் தேவை எந்தப் படியைச் சேர்ந்தது என்பதை அல்லாஹ்வுக்கு அஞ்சி, தமக்குத் தாமே பொய் சொல்லாமல் தீர்மானித்துக்கொள்ள வேண்டும் என்கிறோம்.

இங்கே இன்னொரு செய்தியையும் குறிப்பிட வேண்டும். செயற்கைப் பொருளுக்குப் பதிலாக மனிதத் திசுவையே பதிக்கும் முறையைச் சென்னையைச் சேர்ந்த டாக்டர் சூசன் ஜேக்கப் குழுவினர் 2017ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். தூரத்துப் பார்வைக் குறைவுக்காக வேறொருவருக்கு லேசர் சிகிச்சை செய்யும்போது அவருடைய கார்னியாவிலிருந்து எடுக்கப்படும் மெல்லிய திசுவில் ஒரு சிறு வட்டத்தை வெட்டி, வெள்ளெழுத்து உள்ளவரின் கார்னியாவில் வைக்கும் முறை அது. பிறருடைய திசுவை ஏற்கலாமா என்ற மஸ்அலா இங்கே புதிதாகச் சேர்கிறது. 1988ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய அதே ஃபிக்ஹு அகாடமி, நோயின் காரணமாக அகற்றப்பட்ட கண்ணிலிருந்து கார்னியாவை எடுத்துப் பிறருக்குப் பொருத்துவதை அனுமதித்திருக்கிறது. அந்த அனுமதி பார்வையற்றவருக்குப் பார்வை கிடைக்கும் நிலையை மனத்தில் கொண்டது. கண்ணாடியைத் தவிர்க்க விரும்புபவருக்கும் அது பொருந்துமா என்பதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவதே முறை.

முடிவெடுக்கும் முன்

நம் குடும்பங்களில் எவரேனும் இத்தகைய சிகிச்சையை நாடினால், டாக்டரிடம் சில கேள்விகளைக் கேட்கத் தயங்கலாகாது. இதைச் செய்துகொண்டவர்களை எத்தனை ஆண்டுகள் கவனித்திருக்கிறார்கள்? இரவில் வண்டி ஓட்டும்போது விளக்கைச் சுற்றி ஒளிவட்டமும் கூச்சமும் வருமா? எடுத்துவிட்டால் கண் முன்பிருந்தபடியே ஆகிவிடுமா? பதித்த பிறகும் கண்ணின் உள் வில்லை இறுகிக்கொண்டேதான் இருக்கும். நாளைக்குப் புரை வந்தால் என்ன செய்வது? இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைக்காவிட்டால் காத்திருப்பதில் நஷ்டம் ஏதும் இல்லை. வெள்ளெழுத்து அவசர நோயன்று. காத்திருப்பவருக்குக் கண்ணாடி துணை நிற்கும்.

கண்மணியைச் சில மணி நேரம் சுருக்கி வைக்கும் சொட்டு மருந்து ஒன்றும் 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. அதற்கும் பக்க விளைவுகள் உண்டு. டாக்டரின் ஆலோசனையின்றித் தொடலாகாது. ஆனால் மருந்தின் வேகம் அன்றைக்கே தணிந்துவிடுகிறது. கண்ணாடியையோ நினைத்த நேரத்தில் கழற்றி வைக்கலாம். திரும்பி வரக்கூடிய வழி இருக்கும்போது, திரும்ப முடியாத வழியில் விரைந்து செல்வானேன்?

தொழுகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உளூவிலும் குளிப்பிலும் கண்ணின் உட்புறத்தைக் கழுவுவது கடமையன்று. எனவே கார்னியாவுக்குள் பதித்த பொருள் தூய்மைக்குத் தடையாகாது. கண்ணில் எந்த அறுவைச் சிகிச்சை செய்தாலும் சில நாள்கள் தண்ணீர் படக் கூடாது என்பார்கள். அந்த நாள்களுக்கு ஷரீஅத்தில் சலுகை உண்டு. தத்தம் மத்ஹபின்படி என்ன செய்ய வேண்டும் என்பதைச் சிகிச்சைக்கு முன்பே மஹல்லா ஆலிமிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. தொழுகையை விட்டுவிட மட்டும் அது காரணமாகாது.

கண்ணாடிகூட இல்லாதவர்கள்

இதுவரை சொன்னது நம் கண்ணைப் பற்றியது. அண்டை வீட்டாரின் கண்ணைப் பற்றியும் நாம் கேட்கப்படுவோம் அல்லவா?

முன்பு குறிப்பிட்ட 180 கோடிப் பேரில் சுமார் 82 கோடியே 60 லட்சம் பேர் கண்ணாடி இல்லாமலோ, பொருந்தாத கண்ணாடியை வைத்துக்கொண்டோ அருகிலுள்ளதைப் பார்க்க முடியாமல் இருந்தார்கள். கண்ணுக்குள் வில்லை பதிப்பதற்கு அனுமதி கிடைத்த அதே 2015ஆம் ஆண்டின் கணக்கு இது. ஒருபுறம் கண்ணாடியே வேண்டாம் என்பவர்களுக்காக ஆராய்ச்சி. மறுபுறம் கண்ணாடியே கிடைக்காத கோடிக்கணக்கான மக்கள்.

அஸ்ஸாமில் நாற்பது வயதைத் தாண்டிய 751 தேயிலைத் தொழிலாளர்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 2018ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுக்கப்பட்டவர்கள், கொடுக்கப்படாதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக இலை பறித்தார்கள். வங்காள தேசத்தில் நடந்து 2024ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், கண்ணாடி பெற்றவர்களின் மாத வருமானம் எட்டு மாதங்களுக்குப் பின் மூன்றில் ஒரு பங்கு அதிகமாக இருந்தது. ஒரு சாதாரணக் கண்ணாடி, ஒரு குடும்பத்தின் அடுப்பில் கூடுதலாக ஒரு படி அரிசியை ஏற்றி வைக்கிறது.

நம் வீடுகளிலேயே பார்ப்போம். ஓத ஆசைப்பட்டும் எழுத்து தெரியாமல், மனனமாக உள்ள சூராக்களோடு நிறுத்திக்கொண்ட உம்மாமார்களும் பாட்டிமார்களும் எத்தனை பேர்! வயதாகிவிட்டது, இனி எதற்குக் கண்ணாடி என்று அவர்கள் சொல்லிவிடுகிறார்கள். நாமும் சரி என்று இருந்துவிடுகிறோம். அவர்களைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போய், அளவு பார்த்துக் கண்ணாடி வாங்கிக் கொடுப்பது ஒரு நாள் வேலை. அந்தக் கண்ணாடியோடு அவர்கள் ஓதும் ஒவ்வோர் எழுத்திலும் வாங்கிக் கொடுத்தவருக்கும் பங்கு கிடைக்கும் என்று நம்புகிறோம். ஸதகாவுக்கு வழி தேடும் செல்வந்தர்களும் ஜமாஅத்துகளும் ஆண்டுக்கொரு முறை மஹல்லாவில் கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்து, தேவைப்படும் முதியோருக்குக் கண்ணாடி வழங்கலாம்.

செவி, பார்வை, உள்ளம் ஆகிய அனைத்தைக் குறித்தும் விசாரணை உண்டு என்று திருமறை நம்மை எச்சரிக்கிறது. கண்ணால் எதைப் பார்த்தோம் என்பதையே இதன் பொருளாக நாம் பெரும்பாலும் நினைக்கிறோம். கண்ணை எப்படிக் காத்தோம் என்பதையும் அதில் சேர்த்துக்கொள்வதே அமானிதத்தை மதிப்பவர்களுக்கு அழகு.

யா அல்லாஹ்! நீ எங்களிடம் ஒப்படைத்திருக்கும் பார்வையை அதன் தகுதியறிந்து காக்கவும், அது மங்கும் காலத்தில் பொறுமையோடும் நிதானத்தோடும் முடிவெடுக்கவும், பார்வை குன்றிய எங்கள் பெரியவர்களுக்கு உதவவும் எங்களுக்கு அருள்புரிவாயாக! ஆமீன்.